புதிய நியமனம் நின்றால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகிறது? மும்பை மாநகராட்சியை முன்வைத்து

மாநகராட்சியில் பணம் இறுக்கமானால் முதலில் வருவது ஒரு சர்க்குலர். மறு உத்தரவு வரும் வரை காலியிடங்களை நிரப்ப வேண்டாம், புதிய பணியிடம் கேட்டுக் கோப்பு அனுப்ப வேண்டாம் என்று அதில் இருக்கும். உடனே பேச்செல்லாம் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் இளைஞர்களைப் பற்றித்தான். அது நியாயமும்கூட. 2024-ல் மும்பை மாநகராட்சி 1,846 கிளார்க் பணியிடங்களுக்கு விளம்பரம் கொடுத்தது. பத்தாம் வகுப்பிலும் பட்டப்படிப்பிலும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்குக் கடும் எதிர்ப்பு வந்ததால், அதை நீக்கிவிட்டு மறுபடி விளம்பரம் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த வேலைக்கு எவ்வளவு பேர் ஏங்கிக் காத்திருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவர்கள் கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "உங்கள் வேலைக்கு ஆபத்தில்லை, சம்பளத்தில் கை வைக்க மாட்டோம்." சட்டப்படி அது உண்மை. நியமனத் தடை என்பது ஆட்குறைப்பு இல்லை. பெர்மனென்ட் ஊழியரை அதைக் காட்டி வீட்டுக்கு அனுப்ப முடியாது. வருடாந்தர இன்கிரிமென்ட்டும் நிற்காது. பஞ்சப்படியை நிறுத்துவது தனி உத்தரவு. 2020-ல் கொரோனா நேரத்தில் மத்திய அரசு பஞ்சப்படி உயர்வை ஒன்றரை வருடம் நிறுத்தி வைத்ததும், அதே ஆண்டு மே 4 அன்று மகாராஷ்டிர அரசு சுகாதாரத் துறை நீங்கலாகப் புதிய நியமனங்களை நிறுத்தியதும் அடுத்தடுத்து வந்ததால், பலர் மனதில் இரண்டும் ஒன்றாகப் பதிந்துவிட்டன.

ஆனால் வேலை போகாது என்பதோடு கதை முடிவதில்லை. மிச்சம் பிடிக்கும் பணத்தின் பெரும்பகுதியை உள்ளே இருப்பவர்கள்தான் தங்கள் உடம்பாலும் லீவாலும் பதவி உயர்வாலும் கட்டுகிறார்கள் என்பது என் கருத்து. அது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

மும்பைத் தமிழர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், செம்பூர் பக்கம் "பி.எம்.சி.யில் (மும்பை மாநகராட்சியில்) பெர்மனென்ட்" என்ற சொல்லுக்கு இன்றும் ஒரு தனி மதிப்பு உண்டு. பெண் கொடுப்பதிலிருந்து வங்கிக் கடன் வரை அது பேசும். துப்புரவுப் பணி, சயான் ஆஸ்பத்திரியில் நர்ஸ், வார்டு பாய், ஆயா, நகர பஸ் நிறுவனமான பெஸ்ட்டில் டிரைவர், கண்டக்டர், முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் டீச்சர் என்று பல வீடுகளின் அடுப்பு மாநகராட்சிச் சம்பளத்தில்தான் எரிகிறது.

பணக்கார மாநகராட்சிக்கு ஏன் இந்த நிலை?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. 2025-26 பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். சில மாநிலங்களின் பட்ஜெட்டை விடப் பெரியது. நிரந்தர வைப்பு நிதியும் ஒரு கட்டத்தில் 90,000 கோடியைத் தாண்டி நின்றது. ஆள் எடுக்க மட்டும் ஏன் கை வராது?

மாநகராட்சிக்கு இரண்டு பைகள் உண்டு. மூலதனச் செலவு ஒன்று, வருவாய்ச் செலவு இன்னொன்று. அந்த 74,427 கோடியில் 43,000 கோடிக்கு மேல் மூலதனச் செலவு: சாலை, பாலம், சுரங்கப்பாதை, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். சம்பளமும் ஓய்வூதியமும் இரண்டாவது பையிலிருந்து போக வேண்டும். வைப்பு நிதி முழுவதும் எடுத்துச் செலவு செய்யக்கூடிய பணமும் இல்லை. ஊழியர்களின் சேமநல நிதி, ஓய்வூதியத்துக்கான ஒதுக்கீடு, கான்ட்ராக்டர்கள் கட்டிய டெபாசிட் எல்லாம் அதில் அடக்கம்.

வருவாய்ப் பையில் பெரிய மாற்றம் வந்தது 2017 ஜூலை 1 அன்று. ஜி.எஸ்.டி. வந்தது, நகருக்குள் வரும் சரக்குக்கு வசூலித்த ஆக்ட்ராய் என்ற நுழைவு வரி போனது. வருடத்துக்குச் சுமார் 7,000 கோடி தந்துகொண்டிருந்த வரி அது. அதற்கு ஈடாக மாநில அரசு மாதாமாதம் இழப்பீடு தருகிறது, வருடத்துக்கு 8 சதவீத உயர்வோடு. பணம் வருகிறதுதான். ஆனால் முன்பு சுங்கச் சாவடியில் மாநகராட்சியே தன் கையால் வசூலித்த பணம் இப்போது மாநிலத் தலைமைச் செயலகமான மந்திராலயாவிலிருந்து வர வேண்டியிருக்கிறது. இதோடு ஏழாவது சம்பளக் கமிஷன் உயர்வும் சேர்ந்துகொண்டது. மகாராஷ்டிர மாநகராட்சிகள் நிர்வாகச் செலவை வருவாயில் 35 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும், அதைத் தாண்டினால் புதிய நியமனத்துக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம் என்ற அளவுகோலும் மாநில அரசிடம் இருக்கிறது. நிதி அதிகாரியின் மேஜையிலிருந்து பார்த்தால் நியமனத்தை நிறுத்துவதுதான் சுலபம். யாரையும் நீக்க வேண்டாம், வேலைநிறுத்தம் வராது, அடுத்த வருடமே செலவு குறைந்த மாதிரித் தெரியும்.

தெரியும், அவ்வளவுதான். ஓய்வு பெறுபவருக்கு ஓய்வூதியம் கொடுத்தே ஆக வேண்டும். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் ஊழியர்கள் இன்னும் பல வருடங்களுக்கு வரிசையாக ஓய்வு பெற்றுக்கொண்டே இருப்பார்கள். ஆள் எடுக்காததால் அந்தச் செலவில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

தடை ஆளைப் பார்த்து விழுவதில்லை

இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எந்தத் துறையில் ஆள் அதிகம், எங்கே குறைவு என்று கணக்குப் பார்த்து ஆட்களைக் குறைத்தால் அது ஒரு திட்டம். நியமனத் தடை அப்படி இல்லை. யார் ஓய்வு பெறுகிறாரோ, யார் ராஜினாமா செய்கிறாரோ, யார் இறந்துபோகிறாரோ அவர் இடம் காலி. நாற்காலி காலியாவது வயதைப் பொறுத்தது, தேவையைப் பொறுத்தது இல்லை.

மாநகராட்சியில் ஆள் எடுப்பது எப்போதுமே கும்பல் கும்பலாகத்தான். ஒரே வருடம் நூற்றுக்கணக்கில் எடுப்பார்கள், அப்புறம் பல வருடம் எதுவும் இருக்காது. ஒன்றாகச் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய ஒன்றாகவே ஓய்வு பெறுவார்கள். அதனால் துப்புரவு ஊழியர்கள் வேலைக்கு வந்து கூடும் ஒரு சௌக்கியில் இரண்டு வருடத்துக்குள் பாதிப் பேர் போய்விடலாம். பக்கத்து வார்டு சௌக்கியில் ஒருவர்கூடப் போகாமல் இருக்கலாம். மொத்த எண்ணிக்கையைப் பார்த்தால் 'பத்து சதவீதம் காலி' என்று சாதுவாகத் தெரியும். அந்தச் சௌக்கியில் காலை ஆறரை மணிக்கு ஹஜேரி (வருகைப் பதிவு) போட வருபவருக்கு அது பத்து சதவீதம் இல்லை, பாதி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சௌக்கிக்கு 20 பேர் அனுமதிக்கப்பட்டிருக்கிறார்கள், தெருக்களை ஆளுக்கொரு பகுதியாக 15 பீட்டாகப் பிரித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தினமும் வார விடுமுறையில் மூன்று பேர், லீவிலும் சீக்கிலும் இரண்டு பேர். மீதி 15 பேர், 15 பீட். சரியாக இருக்கிறது. அந்த ஐந்து பேர் உபரி இல்லை. மற்றவர்கள் லீவு எடுப்பதற்காகவே அந்த எண்ணிக்கை வைக்கப்பட்டது. இப்போது ஆறு பேர் ஓய்வு பெறுகிறார்கள், யாரும் வரவில்லை. 14 பேரில் இரண்டு பேர் வார விடுமுறை, இரண்டு பேர் லீவு, மிஞ்சுவது பத்து. பீட் இன்னும் 15 தான். ஒவ்வொருவரும் ஒன்றரைப் பீட் கூட்ட வேண்டும். தெரு குறையாது, குப்பையும் குறையாது.

அப்புறம் லீவு கேட்டால் மேற்பார்வை பார்க்கும் முகாதம் என்ன சொல்வார்? "உனக்குப் பதிலா யாரு நிப்பா?" என்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவரிடம் ஆள் இல்லை. திருநெல்வேலியில் தங்கை கல்யாணம் என்றால் இரண்டு வாரம் கேட்டவருக்கு ஐந்து நாள் கிடைக்கும். போக வர ரயிலிலேயே மூன்று நாள் போய்விடும். வேலைப் பளு தாங்காமல் உடம்பு விழுந்து சீக்கு லீவு போடும்போது அன்றைய பத்து ஒன்பதாகிறது. பத்தாவது ஆளின் பாரம் அந்த ஒன்பது பேர் மேல் ஏறுகிறது. புது ஆள் வராததால் இருப்பவர்களின் சராசரி வயதும் வருடாவருடம் கூடுகிறது. வண்டியில் குப்பை ஏற்றும் மோட்டார் லோடர் வேலையை முப்பது வயதில் செய்வதும் ஐம்பத்தைந்து வயதில் செய்வதும் ஒன்றில்லை. ஓவர்டைம் கொடுத்தாவது சரிக்கட்டுவார்களா என்றால், சிக்கன உத்தரவு ஓவர்டைமையும் சேர்த்தே வெட்டுவதுதான் வழக்கம்.

ஆஸ்பத்திரியிலும் இதே கணக்குத்தான், விளைவு இன்னும் கொடியது. போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், அதற்கு மேல் லீவுக்கென்று 30 சதவீதம் கூடுதல் ஆட்கள் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் அளவுகோல். காலியிடம் முதலில் தின்பது அந்த 30 சதவீதத்தைத்தான். நைட் டியூட்டி முடித்தவரைக் காலையிலும் நிற்கச் சொல்வது அங்கிருந்துதான் தொடங்குகிறது. தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கும் சயான் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கும் விபத்துக்கும் போய் நின்ற நம் குடும்பங்களுக்கு, ஒரு சிஸ்டர் எத்தனை படுக்கைகளுக்கு நடுவில் ஓடுகிறார் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

பதவி உயர்வு எங்கே நிற்கிறது

பதவி உயர்வு புதிய நியமனம் ஆகாது, அதற்குத் தடை பொருந்தாது என்று விதி சொல்லும். நடைமுறையில் அதுவும் மாட்டிக்கொள்கிறது. ஒரு கிளார்க்கை ஹெட் கிளார்க் ஆக்கினால் அவருடைய பழைய இடம் காலியாகும். அதை நிரப்ப முடியாது. அதனால் அந்தத் துறைத் தலைவர் அவரை விடமாட்டார். உத்தரவு வந்தாலும் ரிலீவ் ஆர்டர் வராது. வேறு வார்டுக்கு மாற்றல் கேட்டவர், வீட்டுக்குப் பக்கத்தில் வேலை வேண்டும் என்று மனுப் போட்ட பெண் ஊழியர் எல்லோரும் இந்த முடிச்சில் சிக்குகிறார்கள். ஏணியின் கீழ்ப்படியில் புதிதாக யாரும் ஏறாததால் மேலே இருப்பவர்களும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள்.

மேலிடம் காலியானால் அதை மூடிவிட முடியாது, யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அப்போது வருவது 'கூடுதல் பொறுப்பு'. ஒரு ஜூனியர் இன்ஜினியர் தன் பகுதியோடு இன்னொருவரின் பகுதியையும் பார்ப்பார். மழைக்காலத்தில் இரண்டு பகுதியிலும் ஒரே நாளில் தண்ணீர் நிற்கும். அவர் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். மற்ற இடத்துக்கு ஏன் போகவில்லை என்று மெமோ வரும். பொறுப்புக் கொடுத்தது வாய்மொழியாக, மெமோ எழுத்தில். கூடுதல் பொறுப்புக்கான படி கிடைக்க வேண்டுமென்றால் முறையான உத்தரவு வேண்டும். அந்த உத்தரவைத்தான் பல அலுவலகங்களில் யாரும் எழுதித் தருவதில்லை.

இருக்கிற ஆட்களையும் வெளியே இழுப்பார்கள். 2024 ஜனவரியில் மாநிலப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் மராத்தா சமூகக் கணக்கெடுப்புக்கு மாநகராட்சி ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வீடு வீடாக அனுப்பப்பட்டார்கள். அதே வருடம் மக்களவைத் தேர்தல், சட்டமன்றத் தேர்தல். இந்தப் பணிகள் அவசியமானவை, மறுக்கவில்லை. ஆனால் இவற்றுக்குப் போகும் ஆளைத் தாங்குவதற்கும் லீவுக்கென்று வைத்திருந்த அந்தக் கூடுதல் ஆட்கள்தான் இருந்தார்கள்.

தமிழ்ப் பள்ளிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எட்டு மொழிகளில் மும்பை மாநகராட்சி பள்ளி நடத்துகிறது. வெளிமாநிலத்தில் நகர நிர்வாகமே தமிழ்வழிப் பள்ளி நடத்துவது நமக்குக் கிடைத்த பெரிய கொடை. அந்தப் பள்ளிகளுக்கு நியமனத் தடை மற்றவற்றைவிட ஆழமாகக் காயம் செய்யும். ஏனென்றால் மராத்திப் பள்ளியில் டீச்சர் ஓய்வு பெற்றால் வேறொரு மராத்திப் பள்ளியிலிருந்து மாற்றலாம். தமிழ் டீச்சருக்கு அப்படி எடுக்க ஆள் குறைவு. 2011 அக்டோபரில் மகாராஷ்டிரப் பள்ளிகளில் மாணவர் தலைகளை எண்ணிப் பார்த்தபோது போலிச் சேர்க்கை பெரிய அளவில் வெளிவந்தது. ஆசிரியர் உபரி என்று சொல்லி 2012 மே மாதம் புதிய ஆசிரியர் நியமனத்தை மாநில அரசு நிறுத்தியது. பல வருடம் கழித்து, ஆசிரியர்களைத் தேர்வு செய்யும் அரசு இணையதளமான பவித்ர போர்ட்டல் வழியாகத்தான் அது மறுபடி நகரத் தொடங்கியது. யாரோ செய்த போலிச் சேர்க்கைக்கு, உண்மையாகவே பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த பள்ளிகளும் விலை கொடுத்தன. டீச்சர் இல்லாவிட்டால் இரண்டு வகுப்பை ஒன்றாக உட்கார வைப்பார்கள். அதைப் பார்க்கும் பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்ப்பார்கள். எண்ணிக்கை குறைந்ததும் மாணவர் கணக்கின்படி அனுமதிக்கப்படும் ஆசிரியர் இடமும் குறையும். மிஞ்சியிருக்கும் டீச்சரே 'உபரி' ஆகிவிடுவார்.

காலியிடத்துக்குள் வரும் கான்ட்ராக்ட்

வேலை நிற்காது என்பதால் காலியிடத்தில் வேறு பெயரில் ஆள் வந்தே தீரும். மும்பையில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. குடிசைப் பகுதிகளில் தத்தக் வஸ்தி யோஜனா என்ற பெயரில், பிறகு 2013-லிருந்து ஸ்வச் மும்பை பிரபோதன் அபியான் என்ற பெயரில், சந்து சுத்தம் செய்பவர்கள் தொழிலாளிகளாக இல்லாமல் தன்னார்வலர்களாகக் காட்டப்பட்டார்கள். குப்பை அள்ளும் கான்ட்ராக்ட் ஊழியர்களுக்காக கச்ரா வாஹதுக் ஷ்ரமிக் சங்கம் நடத்திய நீண்ட வழக்கில், சுமார் 2,700 பேரை நிரந்தர ஊழியர்களாக ஏற்க வேண்டும் என்பதை 2017-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தெருவைக் கூட்டுவது தினசரி வேலை, நிரந்தர வேலை. அதைத் தற்காலிகம் என்று எத்தனை வருடம் சொல்வது?

கான்ட்ராக்ட் ஆட்கள் வந்தால் பெர்மனென்ட் ஊழியருக்குப் பாரம் குறையாதா என்று கேட்கலாம். அன்றைக்குக் குறையும். ஆனால் ஒரே தெருவில் ஒரே துடைப்பத்தோடு நிற்கும் இருவருக்கு இரண்டு சம்பளம் என்றானதும், அதிகம் வாங்குபவர் செலவாகத் தெரியத் தொடங்குவார். சங்கத்தில் ஆள் குறையும், பேச்சுவார்த்தையில் பலம் குறையும். புது ஆளுக்கு வேலை கற்றுக்கொடுப்பதும் அவன் செய்த தவறுக்குப் பதில் சொல்வதும் பழைய ஊழியர்தான், அதற்குச் சம்பளம் கிடையாது.

பெஸ்ட்டில் இது முழுமையாக நடந்து முடிந்த மாதிரி. வாடகை பஸ் முறை சில வருடங்களுக்கு முன் வந்தது. பஸ்ஸும் டிரைவரும் கான்ட்ராக்டரோடு வந்ததால் சொந்த பஸ்கள் கழிந்து கழிந்து சில நூறாகச் சுருங்கின. பெர்மனென்ட் டிரைவர் இருக்கிறார், ஓட்ட அவருடைய நிறுவனத்தின் பஸ் இல்லை. மறுபக்கம் வாடகை பஸ் டிரைவர்கள் குறைந்த சம்பளம் தாங்காமல் 2023 ஆகஸ்டில் நாள் கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025-ல் குப்பை சேகரிப்பையும் போக்குவரத்தையும் பெரிய சேவை ஒப்பந்தமாகத் தர மாநகராட்சி டெண்டர் விட்டபோது துப்புரவுச் சங்கங்கள் வேலைநிறுத்தம் வரை போகத் துணிந்ததற்குக் காரணம், பெஸ்ட்டில் நடந்தது கண்ணெதிரே இருந்ததுதான்.

நீதிமன்றங்களின் பார்வை சமீபத்தில் மாறி வருவது ஆறுதல். முறையான தேர்வு இல்லாமல் சேர்ந்த தற்காலிக ஊழியர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்று 2006-ல் வந்த உமாதேவி தீர்ப்பைக் காட்டித்தான் நிர்வாகங்கள் தற்காலிக ஊழியர்களைப் பல வருடம் திருப்பி அனுப்பின. 2025 ஜனவரியில் காஜியாபாத் மாநகராட்சித் தோட்டத் தொழிலாளர்கள் வழக்கில், புதிய நியமனத்துக்குத் தடை இருக்கிறது என்பதைக் காட்டி நீண்ட நாள் உழைத்தவர்களின் உரிமையை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் தரம் சிங் வழக்கில், அடிப்படைப் பொதுப்பணி செய்பவர்களின் முதுகில் அரசு தன் பட்ஜெட்டைச் சரிக்கட்டக் கூடாது என்ற கருத்தை முன்வைத்தது. இவை தற்காலிக ஊழியர்கள் வழக்குகள்தான். ஆனாலும் 'பணமில்லை' என்ற ஒற்றைச் சொல் எல்லாவற்றுக்கும் பதிலாகாது என்பது நிரந்தர ஊழியர்களுக்கும் உதவும். ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்து வேலை நிலையை மாற்றும்போது தொழிலாளருக்கு 21 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்ற விதி பழைய தொழிற்தகராறு சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. ஓய்வு பெற்றவர் இடத்தை நிரப்பாமல் விடுவது இதற்குள் வருமா என்பது வாதத்துக்கு உரியது. இருவரின் பீட்டை ஒருவர் தலையில் கட்டுவதைச் சங்கம் நிச்சயம் எழுப்பலாம்.

எல்லாப் பணியிடமும் என்றென்றும் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆக்ட்ராய் போனபின் ஆக்ட்ராய் நாக்கா ஊழியர் தேவையில்லை. அவர்களை வேறு துறைகளுக்கு மாற்றினார்கள், அது சரியான வழி. எந்த இடம் வேண்டாம் என்று ஆராய்ந்து, காரணம் சொல்லி ரத்து செய்தால் அதை எதிர்த்தோ ஆதரித்தோ பேச முடியும். நியமனத் தடையில் அந்த முடிவை யாருமே எடுப்பதில்லை, ஓய்வுத் தேதி எடுக்கிறது. 2022 மார்ச் 7 அன்று மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்து 2026 ஜனவரித் தேர்தல் வரை நிர்வாக அதிகாரியின் ஆட்சிதான் நடந்தது. எங்கள் வார்டில் எத்தனை இடம் காலி, எத்தனை வருடமாகக் காலி என்று ஸ்டேண்டிங் கமிட்டியில் (நிலைக்குழுவில்) எழுந்து கேட்கக்கூட ஆள் இல்லாத காலம் அது. இப்போது நகரசேவகர்கள் (கவுன்சிலர்கள்) இருக்கிறார்கள். ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் துறைவாரியாக, சௌக்கிவாரியாக இந்தக் கணக்கைக் கேட்கலாம்.

ஊழியர்கள் தங்கள் அளவில் செய்ய வேண்டிய இரண்டு காரியங்கள் உண்டு. ஒன்று, கூடுதல் பொறுப்பு வாய்மொழியாக வந்தால் அன்றே ஒரு கடிதம் எழுதி, எந்தத் தேதியிலிருந்து யாருடைய பணியைச் சேர்த்துச் செய்கிறீர்கள் என்று குறிப்பிட்டு கடிதம் பெற்றுக்கொண்டதற்கான இன்வர்ட் முத்திரையோடு நகல் வாங்கி வைப்பது. நாளை படி கேட்கவும் மெமோவுக்குப் பதில் சொல்லவும் அது ஒன்றுதான் ஆதாரம். இரண்டாவது சர்வீஸ் புக், அதாவது உங்கள் பணிப் பதிவேடு. ஊழியர் விவரங்களைப் பார்க்கும் எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவில் கிளார்க் இடங்கள் காலியாக இருந்தால் சர்வீஸ் புக்கில் இன்கிரிமென்ட், லீவு, மாற்றல், நாமினி விவரங்கள் ஏறாமல் வருடக்கணக்கில் கிடக்கும். ஓய்வு பெறும் மாதத்தில்தான் அது தெரியவரும். ஓய்வூதியமும் கிராஜுவிட்டியும் அங்கேயே நிற்கும். ஓய்வுக்கு இன்னும் பத்து வருடம் இருந்தாலும் சரி, இந்த வருடமே மனுக் கொடுத்து உங்கள் சர்வீஸ் புக்கைப் பாருங்கள். விட்டுப்போன பதிவுகளை ஏற்றச் சொல்லி, கையெழுத்தான பக்கங்களின் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.